பின்சீட்டுக்கு இரண்டு பேர்

வாடகைக் கார் ஆபீசில் புக்கிங் எழுதுகிறவளுக்கு, ஊரில் எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். "அவங்களை முன்னாடி வண்டில ஏத்திடும்மா, நாங்க பின்னாடி வண்டில வர்றோம்" என்று ஒருவர் வந்து சொன்னால் போதும். மிச்சக் கதையை நானே யூகித்துக்கொள்வேன்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பஞ்சர் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு போன், சிவப்பு அட்டை போட்ட ஒரு புக்கிங் நோட்டு, அப்புறம் நான். வெளியே மூன்று வண்டிகள் நிற்கும். கிரீம் கலர் அம்பாசிடர் ஒன்று. அதற்கு அண்ணன் முறையாகும் கறுப்பு அம்பாசிடர் ஒன்று. பன்னிரண்டு பேர் உட்காரலாம் என்று பக்கவாட்டில் எழுதியிருந்த வேன் ஒன்று. எழுபதுகளின் கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கப் பதினொரு வருஷம் ஆயிற்று.

நான் அந்த வேலைக்குப் போனதில் ஒரு சுயநலம் இருந்தது. என் வீட்டுக்காரர் தயாளன் வெல்டர். கல்யாணமான ஏழாவது மாதம் மஸ்கட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனது நாலு வருஷமாக நீண்டது. மண்ணூரில் எங்கள் வீடு ஒரே அறை, ஒரு அடுப்படி. அதற்குள் அத்தை என்று நான் கூப்பிடும் மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். அவர் லீவில் வந்தாலும் நாங்கள் இரண்டு பேர் தனியாக நாலு வார்த்தை பேச அந்த வீட்டில் ஒரு மூலை கிடையாது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து மண்ணூருக்குக் காரில் ஒரு மணி நேரம். அவர் வருகிற அன்று அந்த ஒரு மணி நேரம், கிரீம் கலர் வண்டியின் பின்சீட்டில், நானும் அவரும் மட்டும் வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வண்டி ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த வண்டியை எவனும் எனக்கு முன்னால் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டேன்.

அந்த நாள் வருகிறவரைக்கும் ஊரில் உள்ள குடும்பங்களையெல்லாம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி வரைக்கும் கால் மரத்துப் போனவர்களே, நீங்கள் என் கூட்டாளிகள். உங்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

வண்டி பார்க்கும் படலம்

அந்தக் காலத்தில் வாடகை வண்டியை யாரும் சொல்லி அனுப்பி எடுத்துவிட மாட்டார்கள். முதலில் குடும்பத்தோடு வந்து 'பார்ப்பார்கள்'. ராகு காலம் கழித்துத்தான் வருவார்கள். தண்டலத்திலிருந்து ஒரு குடும்பம் திருப்பதி போக வண்டி பார்க்க வந்தது. பெரியவர் ஒருவர், அவருடைய சம்சாரம், மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள் என்று ஒன்பது பேர். பெரியவர் கிரீம் கலர் வண்டியை மூன்று சுற்று சுற்றினார். அந்த அம்மா பின்சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பெரிய மருமகள் டிக்கியைத் திறக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். "எத்தினி வயசு ஆவுது?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அப்படித் தெரியலியே" என்றார்கள்.

பிறகு ஹாரனை ஒருதரம் அடித்துக் காட்டச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. எங்கள் வண்டி வெட்கமில்லாமல் நன்றாகவே பாடியது. எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, பெரியவர் என்னிடம் சொன்னார்:

"வண்டி லட்சணமாத்தான் கீது. கொஞ்சம் குட்டை. வூட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்மா."

முந்தின சவாரி எங்கே?

கல்யாணத்துக்கு வண்டி எடுக்கிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. வண்டி கடைசியாக எங்கே போய் வந்தது? சாவு வீட்டுக்குப் போய் வந்த வண்டியில் பெண்ணை ஏற்றமாட்டார்கள். எங்கள் முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொல்லக் கூடாது என்பார். மற்ற கேள்விகளைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மறுநாள் மகனுக்குக் கல்யாணம். பேசி வைத்திருந்த வண்டி காலை வாரிவிட்டதாம். கிரீம் கலர் வெளியூர் போயிருந்தது. கறுப்பு வண்டி நின்றது. "முந்தின சவாரி எங்கம்மா?" என்றார். "பென்னலூர்ல ஒரு சாவுக்கு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "வேன்?" என்றார். நோட்டைப் பார்த்தேன். நாலு அண்ணன் தம்பிகளும் அவரவர் பெண்டாட்டிகளும் சொத்தைப் பிரித்து எழுதிக்கொள்ள ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் வந்திருந்தார்கள். போகும்போது ஒரே வண்டியில் போனவர்கள், வரும்போது ஆளுக்கொரு பஸ்ஸில் வந்தார்கள். வேன் காலியாகத் திரும்பியது. அதையும் மறைக்காமல் சொன்னேன். அவருக்கும் நாலு பிள்ளைகளாம். கொஞ்ச நேரம் இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாவு வண்டியே குடு தாயி. சாவுத் தீட்டு பதினாறு நாள்ல போய்டும். பாகப் பிரிவினை தீட்டு ஜென்மத்துக்கும் போவாது."

சன்னல் சீட்டு

வாந்தி வருகிறவர்களுக்குத்தான் சன்னல் சீட்டு என்பது எழுதாத சட்டம். எனவே வண்டி கிளம்பும் முன்பே எல்லாருக்கும் வாந்தி வரும். ஒருநாள் இரண்டு ஓரகத்திகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரே சன்னலுக்காக நின்றார்கள். இருவரையும் அழைத்து வந்த மனுஷன், ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு மச்சினன், என் மேஜைமேல் சாய்ந்துகொண்டு சலித்துக்கொண்டார்:

"வூட்ல ரெண்டு பேரும் நல்லாத்தாம்மா துன்றாங்க. சன்னலைக் கண்டாத்தான் கொமட்டுது."

மடிக் கணக்கு

அம்பாசிடரில் டிரைவரோடு ஆறு பேர் என்பது வண்டி செய்தவர்கள் போட்ட கணக்கு. நம்முடைய கணக்கு வேறு. மடியில் உட்காருகிற பிள்ளைகளை நாம் எண்ணுவது கிடையாது. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயசாகியிருந்தாலும் அது மடிதான்.

ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிடையரானவர் ஒருவர் வருஷா வருஷம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவார். முந்தின வாரமே சீட்டுப் படம் வரைந்துகொண்டு வந்துவிடுவார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கும். முன்சீட்டில் டிரைவர், வாத்தியார், மூத்த மாப்பிள்ளை. பின்சீட்டில் நாலு பெண்கள். ஒவ்வொரு பெண் பேருக்குக் கீழும் 'மடி' என்று எழுதி ஒரு பிள்ளையின் பேர். காலடியில் இரண்டு பேர். அவர்களுக்கு வழியில் திண்டிவனத்திலும் சிதம்பரத்திலும் மடி மாற்றம் உண்டு. ரயில்வே டைம் டேபிள்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. படத்தை என்னிடம் காட்டி, "எதாவது குறை இருக்காம்மா?" என்று கேட்பார். குறை சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஒரு வருஷம் அவருடைய சம்சாரமும் கூட வந்திருந்தார். வாத்தியார் டிரைவருக்குப் படத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பற்றி விசாரித்தார். மஸ்கட் விஷயத்தைச் சொன்னேன். என் ஒரு மணி நேர ஆசையை, யாரிடமும் சொல்லாததை, என்னவோ அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"இருவது வருஷமா போறோம்மா. ஒரு தடவகூட நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்ததில்ல. நீ விட்டுடாத."

குடும்ப விமானம்

ஒரகடம் ரோட்டில் புதிதாக ஒரு கம்பெனி கட்ட வந்திருந்த பம்பாய் எஞ்சினீயர் ஒருவர், வண்டிக்குக் காத்திருந்தபோது படித்த பளபளப்பான இங்கிலீஷ் பத்திரிகையை மேஜைமேல் மறந்துவிட்டுப் போய்விட்டார். மத்தியான நேரம், சவாரி இல்லை. கறுப்பு வண்டி டிரைவர் வரதன், கிரீம் கலர் டிரைவர் ஜெயபால், சோடாக் கடை கண்ணம்மா எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். நடுப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஏரோப்ளேன் படங்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. என்பதால் படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தட்டுத் தடுமாறிப் படித்தேன். ஒரே ஒரு குடும்பம் மட்டும் போவதற்கான சொந்த ஏரோப்ளேன். ஆறு சீட்டு, எட்டு சீட்டு, பத்து சீட்டு. உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமானது எது என்று விளம்பரக்காரன் கேட்டிருந்தான். நம்மையே கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டு நாங்களும் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தோம். வண்டி தேர்ந்தெடுப்பதில் எங்களை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

வரதன் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கழித்துவிட்டார். மேலே கேரியர் இல்லை. அண்டா குண்டானை எங்கே கட்டுவது? சன்னல் திறக்காது என்று நான் சொன்னதும் கண்ணம்மா அலறிவிட்டாள். வாந்தி வந்தால் எங்கே போவது? ஜெயபாலுக்கு ரிவர்ஸ் சந்தேகம். கோயில் சந்தில் ரிவர்ஸ் எடுக்க முடியாத வண்டி எதற்கு என்றான். வழியில் மாமன் மச்சான் கை காட்டினால் நிறுத்த முடியாதே என்று கண்ணம்மா இழுத்தாள். அது ஒன்றுதான் இதில் நல்ல அம்சம் என்றார் வரதன். ஒரு படத்தில் வெள்ளைக்காரக் குடும்பத்தோடு நாய் ஒன்றும் சீட்டில் உட்கார்ந்திருந்தது. மாமியாரைக் காணோம். அதைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினோம். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து பத்து சீட்டையே எடுப்பது, மடியோடு சேர்த்து இருபது பேர் போகலாம் என்று முடிவு செய்தோம்.

"ஒனக்கு எது மரகதம்?" என்று கண்ணம்மா கேட்டாள். பக்கத்தின் கடைசி மூலையில் ஒன்று இருந்தது. இருந்ததிலேயே சின்னது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் இரண்டே சீட்டு. நான் யோசிக்கவே இல்லை, விரல் தானாக அங்கே போயிற்று. மத்தியானம் மண்ணூரில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மஸ்கட் போய்விடலாமா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வெட்கம்கெட்ட மனசு. கண்ணம்மா படத்தைப் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள். சோடா பாட்டில்களை எடுத்துக்கொண்டு எழுந்தபடி சொன்னாள்:

"மொதல்ல அந்தப் பக்கத்து சீட்டுக்கு ஆளைக் கொண்டாந்து சேரு. அப்பால ப்ளேன் வாங்கலாம்."

மீனம்பாக்கம் ரூட்

எண்பது பிறந்ததும் மீனம்பாக்கம் சவாரிகள் அதிகமாயின. வெல்டர், பிட்டர், கொத்தனார் என்று நம் பக்கத்து ஆட்கள் பம்பாய் வழியாக வளைகுடாவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். எவளுடைய புருஷன் எந்தக் கிழமை இறங்குகிறான் என்பதெல்லாம் என் நோட்டில் இருந்தது, என் புருஷனைத் தவிர. மாதம் ஒரு கடிதம் வரும். அத்தை பேருக்கு வரும், கொழுந்தனார் எல்லாருக்கும் சத்தமாகப் படிப்பார். வீடே கேட்கப்போகிற கடிதத்தில் பாவம், அந்த மனுஷன் என்ன எழுதுவார்? கடைசியில் 'மரகதத்தைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று இருக்கும். மாதத்துக்கு ஒரு வரி, வருஷத்துக்குப் பன்னிரண்டு வரி. அதை வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தினேன்.

ஜெயபால் மீனம்பாக்கம் போய் வருகிறபோதெல்லாம் அவனைப் பிடித்துக்கொள்வேன். பின்சீட்டில் நடப்பது டிரைவருக்குக் கண்ணாடியில் தெரியாமல் இருக்காது. ஏதோ சும்மா கேட்கிறவள் போல, "இன்னாப்பா பேசிக்கினு வந்தாங்க?" என்பேன். டேப் ரிக்கார்டர், கம்பளி, சென்ட்டு பாட்டில் என்று சாமான் லிஸ்ட் சொல்வான். அதுவா எனக்கு வேண்டும்? ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், இவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிற புருஷன் பெண்டாட்டி என்னதான் பேசுவார்கள் என்று. அவன் சொன்ன பதிலுக்காக இரண்டு நாள் அவனிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்னது இதுதான்:

"பரங்கிமலை வரைக்கும் அழுவாங்கக்கா. போரூர் வரைக்கும் சிரிப்பாங்க. பூந்தமல்லி தாண்டறதுக்குள்ள, மறுபடி எப்ப கெளம்பறேன்னு கேட்டுடுவாங்க."

அத்தை போட்ட சட்டம்

தந்தி ஒரு திங்கட்கிழமை வந்தது. வியாழன் மத்தியானம் வருகிறார், நாற்பது நாள் லீவு. ஆபீசுக்கு ஓடி, நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, கிரீம் கலருக்கு நேரே எழுதினேன்: மரகதம், மீனம்பாக்கம், இரண்டு பேர். 'முந்தின சவாரி' கெட்டதாக இருக்கக் கூடாது என்று புதன்கிழமை ஒரு காரியத்துக்குக் கேட்டவர்களைக்கூடக் கறுப்பு வண்டிக்குத் தள்ளிவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனால் வாசல் நிறையச் செருப்பு. கொழுந்தனார் கையில் காகிதமும் பென்சிலும். சித்தப்பா, பெரியப்பா, அத்தை மகன், அவருடைய மாமனார் என்று ஏர்போர்ட் போகிறவர்கள் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. பதினேழு பேர். என்னைப் பார்த்ததும், "அண்ணி, வேன் சொல்லிடுங்க" என்றார். லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஏரோப்ளேன் பார்க்க ஆசைப்பட்ட எதிர்வீட்டுப் பையன் பேர்கூட இருந்தது. என் பேர் இல்லை. ஓரகத்தி சாதாரணமாகச் சொன்னாள்: "நீ வந்தா சமையல் யாரு பாக்கறது? வாசல்ல ஆரத்தி எடுக்க நீ நிக்க வேணாமா?" அவள் கெட்டவள் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எத்தனையோ மீனம்பாக்கம் வேன்களில் பெண்டாட்டி மட்டும் இல்லாததை நானே நோட்டில் எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அரிசி களையப் போய்விட்டேன்.

அத்தை சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. நான் வாரிக்கொள்கிற தலையிலிருந்து போகிற ஆபீஸ் வரைக்கும் எல்லாம் குற்றம். அவர் தலையை நிமிர்த்தாமலே, "அத்தினி பேர் போவ முடியாது, இப்ப சட்டம் மாத்திட்டாங்க" என்றார். இன்னா சட்டம், யார் சொன்னது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். "ஒருத்தரைத்தான் வுடுவாங்களாம். தினம் அங்க வண்டி அனுப்பறவ உள்ளதான் கீறா, கேளுங்க." எல்லாரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். போன வாரம்தான் இருபத்திரண்டு பேரை வேனில் அடைத்து மீனம்பாக்கம் அனுப்பியிருந்தேன். "ஆமாம், ஒருத்தருக்குத்தான் பாஸ்" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை.

அப்படியென்றால் அம்மா போகட்டும் என்றார் கொழுந்தனார். நியாயமான பேச்சு. அவர் பெற்ற பிள்ளை, நாலு வருஷமாகப் பார்க்காதவள் நான் மட்டுமில்லையே. அரிசிப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை ஒரு கொத்துக் கீரையை உருவி முறத்தில் போட்டார். அப்புறம் ஏதோ பார்சல் விஷயம் பேசுகிறவர் போலச் சொன்னார்:

"நான் போனா செல்லாதுடா. பொண்டாட்டி வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆளை வெளிய வுடுவாங்களாம். கவர்மென்ட்டு ரூலு."

என் சவாரி

வியாழக்கிழமை நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, முதல் தடவையாக வாடிக்கைக்காரியாகப் பின்சீட்டில் ஏறினேன். சன்னல் பக்கம் உட்கார்ந்தேன், யாரும் போட்டிக்கு வரவில்லை. போகிற வழியெல்லாம் பேசவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நாலு வருஷப் பேச்சு. முதலில் எதைச் சொல்வது, அழாமல் சொல்லக்கூடியது எது, ஜெயபால் காதில் விழாமல் சொல்லவேண்டியது எது என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தேன்.

வெளியே வந்தவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. இளைத்து, கறுத்து, நெற்றி ஏறியிருந்தார். கண்ணோரம் வெல்டிங் பொறி சுட்ட ஒரு தழும்பு புதிதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, யார் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று என் பின்னால் தேடினார். "நான் மட்டும்தான்" என்றேன். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்த முகத்தில் வந்த சிரிப்புக்கு இன்னும் நாலு வருஷம்கூடக் காத்திருக்கலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் "சாப்ட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பம்பாயில் அடுத்த ப்ளேனுக்காக இரண்டு ராத்திரி தரையில் உட்கார்ந்தே கழித்தாராம். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றார். திரும்பிப் பார்த்தேன். என் தோளில் தலை சாய்ந்திருந்தது. நந்தம்பாக்கம்கூட வரவில்லை, தூங்கிவிட்டார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அடுக்கி வைத்த அத்தனை பேச்சும் நெஞ்சிலேயே நின்றது. போரூர் போயிற்று, பூந்தமல்லி போயிற்று. தோள் வலித்தது, கை மரத்தது, அசையவில்லை. அவர் தலைமுடியில் வேறு ஊர் சோப்பு வாசனை அடித்தது. மெல்ல மெல்ல எனக்கு ஒன்று விளங்கியது. நாலு வருஷமாக இந்த மனுஷன் இப்படி ஒருத்தர்மேல் சாய்ந்து தூங்கியிருக்க மாட்டார். அதற்கப்புறம் பேசவேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது. தண்டலம் வந்தது. வலது பக்கம் திரும்பினால் மண்ணூர். அங்கே பதினேழு பேரும், ஆரத்தித் தட்டும், எனக்காகப் பொய் சொன்ன அத்தையும் வாசலில் நிற்பார்கள். பெற்றவளைக் காக்க வைப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். ஜெயபால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பார்த்து, "எழுப்பட்டுமாக்கா?" என்று கிசுகிசுத்தான். எத்தனையோ வாடிக்கைக்காரர்களின் கிறுக்குத்தனத்தை எழுதிவைத்த நான் அப்போது அவனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"திரும்பாத ஜெயபாலு. நேரா ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் வரைக்கும் போய்ட்டு வா. மெதுவா போ, பள்ளத்துல வுடாத."

குடும்பத்தோடு போக எந்த வண்டி நல்லது என்று இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் உண்டு. வண்டி எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், வழி கொஞ்சம் நீளமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பதினொரு வருஷம் புக்கிங் எழுதியவளின் அனுபவம்.